மினுங்குற டேஷ்போர்டு எனக்கு வேண்டாம்

வாட்டர் வாஷ் முடிஞ்சு வண்டியை எடுக்கப் போய்க் கதவைத் திறந்தா, உள்ளே எல்லாமே மினுங்கும். டேஷ்போர்டு, டோர் பேட், கியரைச் சுத்தியிருக்கிற கன்சோல், சில இடங்கள்ல ஸ்டீயரிங் வரைக்கும், எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க உட்கார்ந்த பிள்ளை மாதிரி. பல பேருக்கு அதுதான் சுத்தம் பண்ணியாச்சுங்கிறதுக்கு அடையாளம். அதனாலதான் கடைப் பசங்களும் கேட்காமலே போட்டு விட்டுடுறாங்க. நான் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிடுவேன்.

"தம்பி, உள்ளே பாலிஷ் எதுவும் வேணாம். தூசியை மட்டும் உறிஞ்சி எடுத்துட்டு விட்டுடு."

"அதுக்குத் தனியா காசு இல்லைண்ணா, ஃப்ரீதான்."

"ஃப்ரீயா இருந்தாலும் வேணாம்ப்பா."

இதுல ஏன் இவ்வளவு கறாரா இருக்கேன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. காரோட வெளிப்பக்கத்தைப் பத்திப் பேச ஏகப்பட்ட பேர் இருக்காங்க. வாக்ஸ், செராமிக் கோட்டிங், பெயின்ட் மேல ஒட்டுற ஃபிலிம்னு மணிக்கணக்கா வீடியோ கிடைக்குது. ஆனா நாம உட்கார்ந்திருக்கிறது உள்ளே. கையும் கண்ணும் படுறது உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்ல. அதைப் பத்தி எழுதுறவங்க கம்மி. எழுதுறவங்களும் கடைசியில ஒரு பாட்டிலை வாங்கச் சொல்லி முடிச்சிடுறாங்க. நான் பார்த்தவரைக்கும் அந்த பிளாஸ்டிக்குக்கு முதல்ல வேண்டியது நிழல். அடுத்து தண்ணி. பாட்டில் மூணாவதுதான்.

கடையில போடுற அந்தப் பளபளப்பு பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய். தண்ணியில கலக்கி வெள்ளைத் திரவமா கேன்ல வரும். நிறைய கடைகள்ல டயருக்குப் போடுற அதே கேன்தான் உள்ளேயும் வருது. இதுல ஒரு விஷயத்தை நியாயமாச் சொல்லிடணும். சிலிக்கோன் எண்ணெய் பிளாஸ்டிக்கைக் கரைச்சுடும், வெடிக்க வச்சுடும்னு பலர் எழுதுறாங்க. சிலிக்கோன் அப்படி வேதிவினை புரியுற பொருள் இல்லை. பிரச்சினையே அது எதோடயும் சேராம மேலேயே நிக்கிறதுலதான் இருக்கு. டேஷ்போர்டுகள்ல அதிகமா இருக்கிற பாலிபுரொப்பிலீன்ல எதுவும் லேசுல ஒட்டாது, ஊறாது. அதே வகை பிளாஸ்டிக்ல செய்ற பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தனியா ஒரு பிரைமர் அடிக்கிறாங்களே, காரணம் இதுதான். அதனால 'பிளாஸ்டிக்குக்கு ஊட்டம் தரும்'னு லேபிள்ல போட்டிருந்தா நம்பாதீங்க. எண்ணெய் மேல நிக்கும். மறுநாள் ரோட்டுத் தூசி அதுல வந்து உட்காரும். பிளாஸ்டிக் மேல தோல் மாதிரி புள்ளிபுள்ளியா ஒரு சொரசொரப்பு இருக்குமில்லையா, அந்தக் குழிகள்ல எண்ணெயும் தூசியும் சேர்ந்து கெட்டியாகும். அடுத்த வாஷ்ல அதுக்கு மேலேயே இன்னொரு பூச்சு. ரெண்டு வருஷம் இப்படி ஓடின வண்டியோட டேஷ்போர்டுல நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, நகக்கண்ணுல கருப்பா ஏறும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை கண் கூச்சம். டேஷ்போர்டோட மேல்பகுதியை மேட்டா, கருப்பா அல்லது அடர் சாம்பல் நிறமா செய்றது யோசிச்சுச் செய்ற வேலை. நம்ம ஊர்ல பீஜ் நிற இன்டீரியருக்கு நல்ல மவுசு உண்டு. உள்ளே விசாலமாத் தெரியும்னு வாங்குவாங்க. அந்த வண்டிகள்லயும் கவனிச்சுப் பாருங்க, டோர் பேடும் டேஷ்போர்டோட கீழ்ப்பாதியும் பீஜா இருக்கும், முன்கண்ணாடிக்குக் கீழ வர்ற மேல்பாதி பெரும்பாலும் கருப்பா இருக்கும். அந்தப் பரப்புல விழுற வெளிச்சம் முன்கண்ணாடியில பட்டு நம்ம கண்ணுக்குத் திரும்பி வரக்கூடாதுங்கிறதுக்காக. அதுக்கு மேல எண்ணெயைப் பூசினா அந்த ஏற்பாடே கெட்டுப்போகுது. சாயங்காலம் சென்னையிலிருந்து பெங்களூரு ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டினா சூரியன் நேர் எதிர்ல நிக்கும். பாலிஷ் போட்ட வண்டியில அந்த நேரத்துல முன்கண்ணாடி முழுக்க டேஷ்போர்டோட பிம்பம் ஒரு வெள்ளைத் திரையா விழும். ஏசி வென்ட் கம்பியைக்கூட எண்ணலாம். அந்தத் திரைக்குப் பின்னாடி லைட் போடாத ஒரு டூ வீலர் வந்துக்கிட்டிருக்கும்.

சரி, உள்ளே இருக்கிறது என்ன பிளாஸ்டிக்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. கிளவ் பாக்ஸைத் திறந்து, அதோட மூடியோட உள்பக்கத்துலயோ அடியிலயோ டார்ச் அடிச்சுப் பாருங்க. ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல சின்னதா இங்கிலீஷ் எழுத்து வார்த்திருப்பாங்க. 'பிபி' இருந்தா பாலிபுரொப்பிலீன். கூடவே 'டிடி 20'ன்னு இருந்தா அதுல நூத்துக்கு இருபது பங்கு டால்க், அதாவது மாக்கல் தூள், கலந்திருக்குன்னு அர்த்தம். விறைப்புக்காகச் சேர்க்கிறாங்க. டோர் பேடோட கீழ்ப்பகுதியில ஷூ உரசினதும் வெள்ளைக் கோடு விழுதே, அதுல இந்தத் தூளுக்கும் பங்கு உண்டு. அந்தக் கோடு அழுக்கு இல்லை, தேய்ச்சாப் போகாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் பரவும். 'ஏபிஎஸ்' இருந்தா அது வேற வகை, பெயின்ட் அடிச்ச பாகங்களும் பியானோ பிளாக்னு சொல்ற கண்ணாடி மாதிரி கருப்புப் பட்டைகளும் இந்த வகையில வரும். மீட்டருக்கு மேல இருக்கிற ஒளி ஊடுருவுற மூடி பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். இந்த வித்தியாசம் தெரியாம ஒரே பாட்டிலை எல்லாத்துலயும் அடிக்கிறதாலதான் பாதி வண்டிகள் கெடுது.

இப்போ நிழல் விஷயம். அமெரிக்காவோட அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2018-ல வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, டெம்பி ஊர்ல, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல வெயில் அடிச்ச நாட்கள்ல கார்களை நிறுத்தி அளந்து பார்த்தாங்க. வெயில்ல ஒரு மணி நேரம் நின்ன வண்டியில டேஷ்போர்டு சராசரியா 69 டிகிரி, ஸ்டீயரிங் 53, சீட்டு 51. நிழல்ல நின்ன வண்டியில டேஷ்போர்டு 48, ஸ்டீயரிங் 42, சீட்டு 41. அவங்க அளந்தது வண்டிக்குள்ள விட்டுட்டுப் போற குழந்தைகளுக்கு வர்ற ஆபத்தைக் கணக்கிட. ஆனா பிளாஸ்டிக்குக்கும் அதே கணக்குதான். நிழல் மட்டுமே டேஷ்போர்டுல 21 டிகிரியைக் குறைக்குது. கடையில விக்கிற எந்த பாட்டிலாலயும் அது முடியாது. வேலூர்லயும் திருச்சியிலயும் கத்திரி வெயில்ல 40 டிகிரி தொடுறது நமக்குப் புதுசு இல்லை, அதனால அந்த எண்கள் நம்ம எண்கள்னே வச்சுக்கலாம்.

சூடு ஒரு பக்கம்னா புற ஊதாக் கதிர் இன்னொரு பக்கம். பாலிபுரொப்பிலீனோட மூலக்கூறுச் சங்கிலியை அது ஆக்சிஜனோட சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா அறுக்கும். நிறம் வெளுக்கும், அப்புறம் மேல்பரப்பு பொரிப்பொரியாகும். கம்பெனிகள் இதுக்குன்னே கலவையில தடுப்பு மருந்து சேர்க்கிறாங்க. கருப்பு நிறத்துக்குச் சேர்க்கிற கார்பன் கரியே நல்ல தடுப்பு. கருப்பு பிளாஸ்டிக் நீண்ட நாள் தாங்குறதுக்கு அது முக்கியமான காரணம்.

இதுல பலர் கவனிக்காத ஒண்ணு: முன்கண்ணாடி வழியா வர்ற புற ஊதா ரொம்பக் கம்மி. அது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் தாளை வச்சு ஒட்டினது. அந்தத் தாள் கதிரைப் பிடிச்சு நிறுத்திடும். 2016-ல அமெரிக்காவுல ஒரு கண் மருத்துவர் 15 கம்பெனிகளோட 29 கார்களை அளந்து வெளியிட்ட கணக்குப்படி, முன்கண்ணாடி புற ஊதா-ஏ கதிர்ல சராசரியா 96 சதவீதத்தைத் தடுத்தது. டிரைவர் பக்க ஜன்னலோட சராசரி 71 தான், அதுவும் வண்டிக்கு வண்டி 44-லிருந்து 96 வரைக்கும் மாறுச்சு. அதனால டேஷ்போர்டை முக்கியமா வாட்டுறது சூடு. டோர் பேடோட மேல் விளிம்பையும், பவர் விண்டோ சுவிட்ச் இருக்கிற இடத்தையும் வாட்டுறது சூடும் கதிரும் சேர்ந்து. பழைய வண்டி வாங்கப் போறவங்க டேஷ்போர்டை மட்டும் பார்க்காம, கதவோட மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்க. வண்டி எங்கே நின்னு வளர்ந்ததுன்னு அது சொல்லிடும்.

சன் ஃபிலிம் ஒட்டலாமேன்னு கேப்பீங்க. 2012-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததுக்கு அப்புறம் டிராஃபிக் போலீஸ் நடுரோட்டுல நிறுத்தி ஃபிலிமைக் கிழிச்சது பலருக்கு ஞாபகம் இருக்கும். முன்பின் கண்ணாடிகள்ல 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகள்ல 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வரணும்ங்கிறது விதி. நான் அந்தப் பஞ்சாயத்துக்கே போறதில்லை. வண்டி நிக்கும்போது மட்டும் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் விரிச்சு வைக்கிற வெள்ளிநிற மறைப்பு போதும். வெள்ளிப் பக்கம் வெளியே பார்க்கணும், கண்ணாடியோட ஒட்டி நிக்கணும், ஓரத்துல இடைவெளி விடாத அளவு வாங்கணும். மதியத்துக்கு மேல வண்டி நிக்கப்போகுதுன்னா பின்பக்கம் மேற்கைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்க. மரத்தடியில நிறுத்தினா காக்கா எச்சம் விழுமேன்னு என் மாமா எப்பவும் வெயில்லதான் நிறுத்துவார். எச்சத்தைச் சீக்கிரமாக் கழுவிடலாம் மாமா, வெளுத்த டோர் பேடைக் கழுவ முடியாதுன்னு நானும் விடாம சொல்லிட்டிருக்கேன்.

அடுத்து தண்ணி, அதாவது சுத்தம் பண்ற வேலை. எனக்குப் பிடிச்ச வேலை இது, அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

காலையில, வண்டி ஆறி இருக்கும்போது ஆரம்பிக்கணும். சூடான பிளாஸ்டிக்ல சோப்புத் தண்ணி பட்ட உடனே காய்ஞ்சு திட்டுத்திட்டா நிக்கும். வேண்டிய சாமான் ரொம்ப இல்லை. வாக்குவம், அதோட முனையில மாட்டுற பிரஷ். பெயின்ட் அடிக்கிற ஒரு இஞ்ச் பிரஷ் ஒண்ணு, மிருதுவான முடியுள்ளது. முடியைப் பிடிச்சிருக்கிற தகரப் பட்டை மேல இன்சுலேஷன் டேப்பைச் சுத்திடுங்க, இல்லைன்னா அது கீறும். பழைய டூத் பிரஷ். மூணு நாலு மைக்ரோஃபைபர் துணி. ஒரு மக்குல கார் ஷாம்பூ அல்லது குழந்தைகளுக்குப் போடுற ஷாம்பூ சில சொட்டு விட்ட தண்ணி, இன்னொரு மக்குல வெறும் தண்ணி.

முதல்ல துணியைத் தொடவே கூடாது. நம்ம ரோட்டுத் தூசியில மணல் நிறைய இருக்கும், அதுல இருக்கிற குவார்ட்ஸ் எந்த பிளாஸ்டிக்கைவிடவும் கடினம். துணியால இழுத்தா உப்புத்தாள் தேய்ச்ச கதைதான். பெயின்ட் பிரஷ்ஷால மேலிருந்து கீழே தட்டிக்கிட்டே வாங்க, மறு கையில வாக்குவம் வாய் பக்கத்துலயே இருக்கட்டும். ஏசி வென்ட்ல ஒவ்வொரு தகட்டையும் மேலயும் கீழயும் திருப்பி, பிரஷ்ஷை உள்ளே விட்டு எடுக்கணும். ஸ்பீக்கர் ஜாலி, ஆடியோவுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு, ஹேண்ட்பிரேக்கைச் சுத்தி இருக்கிற பள்ளம், இங்கெல்லாம் டூத் பிரஷ். சுத்தம் பண்றதுல பாதி வேலை இங்கேயே முடிஞ்சிடும்.

அப்புறம்தான் ஈரம். துணியை ஷாம்பூத் தண்ணியில நனைச்சு, சொட்டே விழாத அளவு பிழியணும். பிளாஸ்டிக் மேல நேரா ஸ்ப்ரே அடிக்காதீங்க. டிரைவர் கதவுல இருக்கிற பவர் விண்டோ சுவிட்சுக்குள்ள தண்ணி இறங்கினா அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்குல உள்ளே பச்சை பிடிச்சு, ஒரு மழை நாள்ல கண்ணாடி மேல ஏறாம நிக்கும். ஸ்டார்ட் பட்டன், ஹசார்டு சுவிட்ச், ஆடியோ எல்லாத்துக்கும் இதே விதி. எந்தத் திரவமா இருந்தாலும் முதல்ல துணிக்கு.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடமா எடுத்துக்கோங்க. துணியால ஈரம் கொடுத்து, அந்தச் சொரசொரப்புக்குள்ள டூத் பிரஷ்ஷை வட்டமா ஓட்டி, நுரை காயுறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியில நனைச்ச துணியால எடுத்து, காய்ஞ்ச துணியால துடைச்சு, அடுத்த இடம். டிரைவர் கதவுல கை வைக்கிற மேடைதான் எனக்கு எப்பவும் அளவுகோல். வியர்வை, தலையில வச்ச எண்ணெய், கையில பூசின கிரீம் எல்லாம் அங்கே ஏறியிருக்கும். பார்க்க அழுக்காத் தெரியாது, லேசா வழுவழுன்னு மின்னும், அவ்வளவுதான். முதல் தடவை துடைக்கும்போது துணியில ஒண்ணும் வராது. ரெண்டாவது தடவை பிரஷ் ஓட்டினதும் நுரை பழுப்பாகும். மூணாவதுல அந்த மின்னல் போய், தோல் புள்ளிகள் ஒவ்வொண்ணாத் தனித்தனியாத் தெரிய ஆரம்பிக்கும். அந்தப் புள்ளிகள் தெரிஞ்சா அந்த இடம் முடிஞ்சதுன்னு அர்த்தம். ஸ்டீயரிங்குக்கும் இதேதான். ஷோரூம்லிருந்து வந்தப்போ அது மேட்டாத்தான் இருந்தது, இப்போ மின்னினா அது நம்ம கையோட எண்ணெய்.

பழைய சிலிக்கோன் பூச்சு ஏறின வண்டியில ஷாம்பூ மட்டும் பத்தாது. ஆல் பர்பஸ் கிளீனர்னு விக்கிறதை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து, முதல்ல கண்ணுக்குத் தெரியாத ஓரத்துல சோதிச்சுட்டு இதே முறையில செய்யலாம். ரெண்டு மூணு சுத்து ஆகும். பாத்திரம் தேய்க்கிற பவுடர், டூத் பேஸ்ட், ஸ்கிரப்பர் எதுவும் கிட்டயே வரக்கூடாது. பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெயும் அப்படித்தான். அழுக்கு போறது உண்மைதான், கூடவே சுவிட்ச் மேல இருக்கிற எழுத்தும் போயிடும். பெட்ரோலும் தின்னரும் ஏபிஎஸ்ஸை விரிசல் விட வைக்கும்.

மூணு இடத்துக்குத் தனி மரியாதை தரணும். பியானோ பிளாக்கை உலர்ந்த துணியால தொடவே தொடாதீங்க. தொட்டா மெல்லிய கீறல் வட்டவட்டமா விழும், போதாக்குறைக்கு உரசல்ல மின்னேற்றம் வந்து இன்னும் தூசியை இழுக்கும். சுத்தமான ஈரத் துணியில, அழுத்தமே கொடுக்காம, ஒரே திசையில. மீட்டர் மூடியில ஆல்கஹால் கலந்த எதுவும் படக்கூடாது. அக்ரிலிக்கா இருந்தா தலைமுடி அளவுக்கு நுணுக்கமான விரிசல்கள் உள்ளுக்குள்ளேயே ஓடும், அப்புறம் ராத்திரி மீட்டர் வெளிச்சத்துல அத்தனையும் தெரியும். டச் ஸ்கிரீனுக்கு மேல கண் கூசாம இருக்க ஒரு பூச்சு இருக்கும், வீட்டுக் கண்ணாடி துடைக்கிற அம்மோனியா கலந்த திரவம் அதை உரிச்சிடும். கொரோனா வந்த 2020-ல சானிடைசரை வண்டிக்குள்ள தாராளமா அடிச்சாங்க. அந்த வண்டிகள்ல சிலதோட ஸ்கிரீன்ல இன்னைக்கும் திட்டுத்திட்டா இருக்கிறதைப் பார்க்கலாம்.

இப்போ மூணாவது, பாட்டில். வேண்டவே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வெயில்லயே நிக்க வேண்டிய வண்டிகள் இருக்கு, எல்லாருக்கும் நிழல் கிடைக்காது. தண்ணியை அடிப்படையா வச்சது, மேட் ஃபினிஷ், புற ஊதாத் தடுப்பு உள்ளது, காய்ஞ்ச பிறகு பிசுபிசுக்காதது, இந்த நாலும் பார்த்து வாங்குங்க. சுத்தம் பண்ணிக் காய்ஞ்ச பரப்புல, ஸ்பாஞ்சுல கொஞ்சமா எடுத்துப் பரப்பி, சில நிமிஷம் விட்டு, வேற துணியால மிச்சத்தை முழுசா எடுத்துடணும். அப்புறம் ஒரு டிஷ்யூ பேப்பரை வச்சு அமுத்துங்க. பேப்பர்ல ஈரம் தெரிஞ்சா இன்னும் துடைக்கணும். போட்டதே தெரியாம இருந்தாத்தான் சரியாப் போட்டிருக்கீங்க. பாதுகாப்பு நிரந்தரம் இல்லை, சில வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும். தேங்காய் எண்ணெய் போடலாமான்னு அடிக்கடி கேக்குறாங்க. புற ஊதாவைத் தடுக்க அது உதவாது. தூசியை இழுக்கும், சூட்டுல சிக்கு வாடை அடிக்கும்.

போடவே கூடாத இடங்கள் இருக்கு, இதை மட்டும் தயவுசெய்து கேளுங்க. ஸ்டீயரிங், பெடல், கியர் நாப், ஹேண்ட்பிரேக், ரப்பர் மேட். அவசரத்துல பிரேக் மிதிக்கும்போது கால் வழுக்கினா அந்தப் பளபளப்பு எதுக்கு? ஸ்டீயரிங் நடுப்பகுதியிலும் டேஷ்போர்டோட இடது பக்கத்திலும் ஏர்பேக் இருக்கு. நம்ம நாட்டுல புது மாடல் கார்கள்ல முன்சீட்டுப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021 ஏப்ரல்ல. அந்த மூடி ஒரு குறிப்பிட்ட கோட்டுல கிழிஞ்சு திறக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க. அது மேல எண்ணெயைப் பூசக் கூடாது, டேஷ்போர்டு கார்பெட்னு விக்கிற விரிப்பையும் போடக்கூடாது. பிள்ளையாரையும் அங்கே ஒட்டாதீங்க. மோதின நேரத்துல ஏர்பேக் விரியறது நொடியில ஒரு சின்னப் பங்குதான், அது மேல இருக்கிற சிலை நேரா முன்சீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்க முகத்துக்கு வரும். ஆடியோவுக்கு மேல நடுவுல, எடை குறைஞ்ச சின்னச் சிலையா வைங்க. அவர் எங்கிருந்தாலும் காப்பாத்துவார்.

கண்ணாடி விஷயமும் இதோட சேர்ந்ததுதான். முன்கண்ணாடியோட உள்பக்கம் ஒரு மங்கல் படலம் படியுமே, எத்தனை தடவை துடைச்சாலும் திரும்ப வருமே, அதுல ஒரு பங்கு பிளாஸ்டிக்லிருந்து வர்றது. சூட்டுல பிளாஸ்டிக், பசை, ரெக்சின் எல்லாத்துலயும் இருக்கிற எளிதில் ஆவியாகுற பொருள்கள் கிளம்பிக் கண்ணாடியில படியும். புது வண்டி வாசனைங்கிறதும் இந்த வகை ஆவிதான். கார் கம்பெனிகளே இதை அளக்குறாங்க, ஜெர்மனியோட டின் 75201 தரம் இதுக்குன்னே இருக்கு. நாம மேல பூசுற பாலிஷும் இந்தக் கணக்குல சேரும். மழைக்காலத்துல கண்ணாடி சீக்கிரமா பனி மூடுதுன்னு புலம்புறவங்க, முதல்ல இந்தப் படலத்தை எடுத்துப் பாருங்க.

ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் எனக்கு வர்ற போன்ல பாதி மஞ்சள் கறை பத்திதான். குங்குமம், சந்தனம், விபூதி எதுவா இருந்தாலும் காய விட்டு முதல்ல வாக்குவம். ஈரத்துணி பட்டுட்டா சாயம் குழிக்குள்ள இறங்கிடும். மஞ்சள்ல இருக்கிற குர்குமின் தண்ணியில கரையாது, ஆல்கஹால்ல கரையும். அதனால மெடிக்கல்ல கிடைக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில தொட்டு ஒத்தி எடுக்கலாம், மீட்டர் மூடியையும் ஸ்கிரீனையும் விட்டுட்டு. அப்புறமும் லேசா மஞ்சள் நின்னா பயப்படாதீங்க. குர்குமினுக்கு வெயில் ஆகாது. சில நாள் வெளிச்சம் பட்டா தானா வெளுத்துடும். இந்தப் பதிவுல வெயிலை நான் பாராட்டுற ஒரே இடம் இதுதான்.

டேஷ்போர்டுல வைக்கிற திரவ பெர்ஃப்யூம் பாட்டில் கவிழ்ந்தா நிலைமை வேற. அதுல இருக்கிற கரைப்பான் ஏபிஎஸ்ஸையும் பெயின்ட்டையும் மிருதுவாக்கும். தேய்ச்சீங்கன்னா மேல்தோல் கையோட வந்துடும். டிஷ்யூவை வச்சு ஒத்தி உறிஞ்ச வச்சு, கொஞ்ச நேரம் தொடாம விடுங்க. கொசு விரட்டுற களிம்புலயும் சிலதுல இதே குணம் உண்டு, பூசின கையை டோர் பேட்ல வைக்காம இருந்தா நல்லது. டபுள் டேப் பசைக்கு ஹேர் டிரையரை லேசாக் காட்டி, விரலால உருட்டி எடுக்கணும், பிளேடால சுரண்டாதீங்க.

சில வண்டிகள்ல பட்டனும் கைப்பிடியும் தானாவே பிசுபிசுன்னு ஆகிடும். அது அழுக்கு இல்லை. தொட மிருதுவா இருக்கட்டும்னு பிளாஸ்டிக் மேல அடிக்கிற பாலியூரித்தேன் வகைப் பூச்சு, சூட்டுலயும் ஈரக்காத்துலயும் சிதைஞ்சு பசையாகுது. தொண்ணூறுகள்ல வந்த ஃபெராரி 355-லயே இது பேர்போன வியாதி, ஃபெராரி பட்டனை மட்டும் சரி பண்ணிக் கொடுக்கிற தொழிலே வெளிநாட்டுல இருக்கு. கடற்கரை ஊர்கள்ல இது சீக்கிரம் வரும். எதைப் பூசினாலும் சரியாகாது, அந்தப் பூச்சையே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு முழுசா எடுத்துடணும். அடியில இருக்கிற பிளாஸ்டிக் வெறுமையா, கொஞ்சம் மின்னிக்கிட்டு இருக்கும். சில பட்டன்ல எழுத்தும் அந்தப் பூச்சோடயே போயிடும், அதனால எழுத்து இருக்கிற பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி யோசிங்க.

வெடிச்சே போச்சுன்னா? டேஷ்போர்டுல விரிசல் வந்த பிறகு ஒட்டிப் பூசுற வேலை ஒரு கோடை தாங்குறதே பெரிசு, முழுசா மாத்தினாத்தான் உண்டு. ஏர்பேக்கைக் கழட்டி மாட்டுற வேலை அது, கம்பெனி சர்வீஸ்ல விடுறதுதான் சரி. டோர் பேட், ஏசி வென்ட், கிளவ் பாக்ஸ் மூடி மாதிரி சாமான்னா சென்னையில பழைய கார் பாகங்கள் விக்கிற புதுப்பேட்டை இருக்கு. நேர்ல போய், பழைய பாகத்தையும் கையில எடுத்துட்டுப் போங்க. ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் பீஜ் நிறம் கொஞ்சம் மாறும், நிழல்ல வச்சுப் பார்த்தா ஒண்ணாத் தெரியும். ரெண்டையும் வெயில்ல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுப் பேரம் பேசுங்க. டோர் பேடைத் திருப்பி, பின்னாடி இருக்கிற கிளிப் எல்லாம் முழுசா இருக்கான்னு பாருங்க. ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் கதவு ஓட்டத்துல கடகடன்னு சத்தம் போடும். கிளிப் தனியா பாக்கெட்டாக் கிடைக்கும், அதையும் சேர்த்தே வாங்கிட்டு வந்துடுங்க.